மைசூர் பணம், லண்டன் பியானோ

விஜயதசமி அன்று தேவராஜ மொஹல்லாவில் வியாபாரம் இரண்டாம்பட்சம்தான். மற்ற நாட்களில் மல்லிகைச் சரமும் குங்குமக் குவியலும் நஞ்சன்கூடு வாழைப்பழமுமாக மணக்கும் தேவராஜ மார்க்கெட்டை ஒட்டிய சயாஜி ராவ் சாலையில் அன்று கால் வைக்க இடம் இருக்காது. மாடி ஜன்னல்களிலும் கைப்பிடிச் சுவர்களிலும் தலைகள். அரண்மனையிலிருந்து புறப்பட்டு பன்னிமண்டபம் போகும் ஜம்பு சவாரி இந்தச் சாலை வழியாகத்தான் வர வேண்டும். ஒரு காலத்தில் மகாராஜா அமர்ந்து வந்த தங்க அம்பாரியில் இப்போது சாமுண்டீஸ்வரி. நாதஸ்வரமும் கிராமியக் கலைஞர்களின் மேளமும் கடந்து போகும். இடையே, பித்தளைக் குழல்கள் பளபளக்க ஆங்கில பாண்டும் வரும்.

கூட்டத்துக்கு அது வினோதமாகப் படுவதில்லை. மேற்கத்திய சங்கீதம் இந்த ஊருக்குப் பழக்கமானதுதான். சமஸ்தான காலத்தில் அரண்மனையில் கர்நாடக பாண்டு, ஆங்கில பாண்டு இரண்டுமே இருந்தன. பல வாத்தியங்களை வாசிக்கத் தெரிந்த நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் அரண்மனை இசைக்குழுவை நடத்தியவர் ஓட்டோ ஷ்மிட் என்ற ஜெர்மானியர். இதெல்லாம் மைசூர்க்காரர்கள் பெருமையோடு சொல்லும் கதைகள்.

அவர்கள் அதிகம் சொல்லாத கதை ஒன்றும் உண்டு. மொஹல்லாவின் விளிம்பில் இருக்கும் கே.ஆர். சர்க்கிளிலிருந்து அரண்மனை சில நிமிட நடைதான். அந்த அரண்மனையில் முடிசூட்டிக்கொண்ட கடைசி மகாராஜாவான ஜெயசாமராஜ உடையாரின் பணத்தில், 1940களின் பிற்பகுதியில், லண்டனில் ஓர் இசைத்தட்டுத் தொகுப்பு உருவானது. எழுதியவரும் வாசித்தவரும் ஒருவரே: லண்டன் புறநகரில் நோயோடும் வறுமையோடும் வாழ்ந்துகொண்டிருந்த நிகோலாய் மெட்னர் என்ற ரஷ்யர். தொகுப்பு வெளிவந்தது, சில ஆண்டுகளில் கடைகளிலிருந்து மறைந்தது, 40 ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான் உலகம் அதைத் தேடி எடுத்துக் கேட்டது.

தொலைந்துபோன ஆல்பம் என்றதும் இசை ரசிகர்களுக்கு 1960களின் ஆங்கில பாப் குழுக்கள்தான் நினைவுக்கு வரும். பீட்டில்ஸின் நிழலில் மறைந்துபோன டஜன் கணக்கான குழுக்களில் ஒன்று 'தி ஸோம்பீஸ்'. லண்டனின் அபே ரோடு ஸ்டுடியோவில் பீட்டில்ஸ் 'சார்ஜண்ட் பெப்பர்' ஆல்பத்தை முடித்துவிட்டுப் போன சூட்டில், அதே 1967இல், சுமார் 1,000 பவுன் பட்ஜெட்டில் 'ஒடெஸ்ஸி அண்ட் ஆரக்கிள்' என்ற தங்கள் ஆல்பத்தின் பெரும்பகுதியை அவர்கள் பதிவு செய்தார்கள். அட்டையை வரைந்தவர் தலைப்பில் எழுத்துப் பிழை விட்டார்; அதைத் திருத்தக்கூட யாரும் இல்லை. 1968 ஏப்ரலில் ஆல்பம் வெளிவந்தபோது குழுவே கலைந்துவிட்டிருந்தது. யாரும் வாங்கவில்லை.

அமெரிக்காவில் அது வெளிவந்ததே ஒரு ரசிகரின் பிடிவாதத்தால்தான். லண்டனில் அந்தத் தட்டைக் கேட்டிருந்த அல் கூப்பர் என்ற இசைக்கலைஞர், தான் வேலை பார்த்த கொலம்பியா கம்பெனியை விடாமல் நச்சரித்தார். 1969இல் அதிலிருந்த ஒரு பாட்டு அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடத்துக்கு ஏறியது. ஆல்பத்துக்கு மரியாதை வர இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. 2008இல், 40ஆம் ஆண்டு நிறைவில், நரைத்த தலைகளோடு குழுவினர் லண்டன் மேடையில் அதை முழுவதுமாக வாசித்தார்கள்.

மெட்னரின் கதை நடந்ததும் அதே அபே ரோடில்தான். சரியாக 20 ஆண்டுகளுக்கு முன்பு. அங்கேயும் ஒரு ரசிகரின் பிடிவாதம்தான் காரணம். ஒரு வித்தியாசம்: அல் கூப்பரிடம் இருந்தது வாய் மட்டுமே. மைசூர் ரசிகரிடம் ஒரு சமஸ்தானமே இருந்தது.

மாஸ்கோவில் 1880 ஜனவரியில் பிறந்தவர் மெட்னர். மூன்று பியானோ கன்சர்ட்டோ, 14 பியானோ சொனாட்டா, நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் எழுதினார். பியானோ இல்லாத உருப்படி ஒன்றுகூட அவர் எழுதியதில்லை. அவரைவிட ஏழு வயது மூத்த ராக்மனினாவ் அவருடைய நண்பர். அவரை மிக உயர்வாக மதித்தவர். ராக்மனினாவின் நான்காவது கன்சர்ட்டோ மெட்னருக்குச் சமர்ப்பணம்; மெட்னரின் இரண்டாவது கன்சர்ட்டோ ராக்மனினாவுக்கு. ஆனால் ராக்மனினாவின் புகழில் பத்தில் ஒரு பங்குகூட மெட்னரைத் தேடி வரவில்லை.

புரட்சிக்குப் பிறகு 1921இல் ரஷ்யாவை விட்டு வெளியேறினார். பெர்லின், பாரிஸ் என்று அலைந்தார். எங்கும் காலம் அவருக்கு எதிராகவே இருந்தது. ஐரோப்பிய சங்கீதம் பழைய இலக்கணத்தைத் தூக்கி எறிந்துகொண்டிருந்த நேரத்தில், அந்த இலக்கணம்தான் சத்தியம் என்று வாதாடி 1935இல் அவர் ஒரு புத்தகமே எழுதினார். அதை வெளியிட உதவியதும் ராக்மனினாவ்தான். அதே ஆண்டு மனைவி அன்னாவோடு லண்டனில் குடியேறி, கோல்டர்ஸ் க்ரீன் பகுதியில் பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார்.

1939இல் போர் மூண்டது. அவருடைய இசையை அச்சிட்டு வந்த பதிப்பாளர் ஜெர்மானியர். அங்கிருந்து வரும் பணம் நின்றுபோனது. குண்டுவீச்சுக்குப் பயந்து லண்டன் காலியானதில் மாணவர்களும் போனார்கள். எட்னா ஐல்ஸ் என்ற ஆங்கில பியானோ கலைஞரின் குடும்பம் வார்விக்ஷையர் கிராமப்புறத்தில் அடைக்கலம் கொடுத்தது. இதய நோய் வந்தது. அந்த நிலையிலும் 1943இல் மூன்றாவது கன்சர்ட்டோவை முடித்தார். அடுத்த ஆண்டு லண்டனில் அவரே அதை அரங்கேற்றவும் செய்தார். கைதட்டல் கிடைத்தது, அதனால் அடுப்பு எரியவில்லை.

இந்த மனிதரின் சங்கீதம் மைசூரில் ஓர் இளைஞரின் காதில் விழுந்து மனசில் தங்கியது. 1919 ஜூலை 18இல் பிறந்த ஜெயசாமராஜ உடையாருக்கு மகாராஜா ஆக ஆசை இருந்ததோ இல்லையோ, பியானோ கலைஞராக வேண்டும் என்ற ஆசை நிச்சயம் இருந்தது. மேடை ஏறி வாசிக்கும் கலைஞராக. 1940 அந்த ஆசைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. மார்ச்சில் தந்தை, யுவராஜா கண்டீரவ நரசிம்மராஜ உடையார் இறந்தார். ஆகஸ்டில் பெரியப்பா, மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார். அவருக்கு வாரிசு இல்லை. 21 வயதில் சிங்காதனம் இவர் தலையில் விழுந்தது.

விரல்கள் போக முடியாத இடத்துக்குக் காதுகள் போயின. நாய் படம் போட்ட எச்.எம்.வி. தட்டுகள் இந்தியாவின் பணக்கார வீடுகளில் எல்லாம் இருந்தன. மைசூரில் இருந்ததோ ஒரு நூலகம். ஒரு கட்டத்தில் அவருடைய சேகரிப்பு சுமார் 20,000 இசைத்தட்டுகள் என்று கணக்கிடப்பட்டது. 1945இல் லண்டன் கில்ட்ஹால் இசைப் பள்ளியின் லைசென்ஷியேட் பட்டமும், டிரினிட்டி இசைக் கல்லூரியின் கௌரவ ஃபெல்லோ பட்டமும் அவருக்குக் கிடைத்தன. அலங்காரத்துக்காகக் கழுத்தில் மாட்டிய பதக்கங்கள் அல்ல இவை; மேற்கத்திய இசையின் மூலை முடுக்குகள் வரை அவருக்குத் தெரிந்திருந்தன.

மூலை முடுக்குகள்தான் அவரை ஈர்த்தன என்றும் சொல்லலாம். பீத்தோவனும் ஷோப்பனும் தட்டுகளில் ஏராளம். கடையில் கிடைக்காததைத்தான் அவர் கேட்டார். ரஷ்யர் பலாகிரெவின் சிம்பொனி ஏன் தட்டில் வரவில்லை? பிரெஞ்சுக்காரர் ரூஸெலின் நான்காவது சிம்பொனி? எல்லாவற்றுக்கும் மேலாக, மெட்னர் தன் கையாலேயே வாசித்து அவருடைய படைப்புகள் முழுவதும் பதிவாக வேண்டும். செலவு மைசூருடையது.

லண்டனில் இந்தக் கேள்விகள் போய்ச் சேர்ந்த இடம் சரியான இடம். எச்.எம்.வி.யை நடத்திய இ.எம்.ஐ. நிறுவனத்தின் தயாரிப்பாளர் வால்டர் லெக். விற்காத சங்கீதத்தை விற்க 1930களில் அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்: ஒரு 'சொசைட்டி' தொடங்குவது, சில நூறு ரசிகர்களிடம் முன்பணம் வாங்குவது, அந்தப் பணத்தில் பதிவு செய்வது. ஹ்யூகோ உல்ஃபின் பாடல்கள் பல தட்டேறியது அப்படித்தான். நம் ஊரில் தீபாவளி மலருக்குச் சந்தா கட்டுவதைப் போன்ற ஏற்பாடு.

மெட்னருக்குச் சில நூறு பேரைத் திரட்டுவது நடக்கிற காரியமல்ல. சொசைட்டி தொடங்கியது, ஆனால் சந்தாதாரர்கள் கூட்டம் செய்ய வேண்டிய வேலையை மைசூர் மகாராஜா ஒருவரே செய்தார். லெக் மைசூருக்கே வந்து விருந்தாளியாகத் தங்கினார். இன்னும் முப்பது வயது ஆகாத அரசரையும், அவருடைய தட்டு நூலகத்தையும், வரிசையாக நின்ற கிராண்ட் பியானோக்களையும் பார்த்து அவர் அசந்துபோனதாகப் பிற்பாடு எழுதினார்.

பதிவு வேலையில் பெரும்பகுதி 1947இல் நடந்தது. இன்று கைபேசியில் பாட்டைப் பதிவு செய்கிறவர்களுக்கு அந்தக் காலத்துச் சிரமம் புரிவது கடினம். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டு. 12 அங்குலம் விட்டம். ஒரு பக்கத்துக்கு நாலரை நிமிடம் பிடித்தால் அதிகம். மூன்றாவது கன்சர்ட்டோ சுமார் 35 நிமிடம் ஓடக்கூடியது. அதை எட்டு ஒன்பது துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் மூச்சு விடாமல் வாசிக்க வேண்டும். ஒட்டுப்போட வழியில்லை. நான்காவது நிமிடத்தில் ஒரு விரல் தவறினால் முதலிலிருந்து. பியானோவின் முன்னே உட்கார்ந்திருந்தவர் 67 வயது இதய நோயாளி. பக்கத்தில் ஃபில்ஹார்மோனியா ஆர்கெஸ்ட்ரா. முதல் கன்சர்ட்டோவுக்கு ஜார்ஜ் வெல்டனும் மற்ற இரண்டுக்கும் ரஷ்யாவில் பிறந்த இஸ்ஸாய் டோப்ரோவனும் நடத்துநர்கள்.

மூன்று கன்சர்ட்டோக்களும் முடிந்தன. அவற்றோடு தனி பியானோ உருப்படிகள், ஒரு பியானோ குவின்டெட், பாடல்கள். 1950இல் சில பாடல்களைப் பாடியவர் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற எலிசபெத் ஷ்வார்ட்ஸ்கோப்; பியானோவில் 70 வயது மெட்னர். மூன்று தொகுப்புகளாகத் தட்டுகள் வெளிவந்தன. மூன்றாவது கன்சர்ட்டோவைத் தன் படைப்பைப் போற்றி வளர்த்ததற்கு நன்றியாக மைசூர் மகாராஜாவுக்கு மெட்னர் சமர்ப்பணம் செய்தார். அச்சான இசைப்பிரதியில் அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது.

இந்தக் கதையில் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அதே 1947 மைசூரில் எப்படி இருந்தது? ஆகஸ்ட் 9இல் மகாராஜா இந்திய யூனியனில் இணையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டார். ஆனால் மக்களிடம் பொறுப்புள்ள ஆட்சி வரவில்லை. செப்டம்பரில் 'மைசூர் சலோ' போராட்டம் வெடித்தது. மாணவர்களும் தொழிலாளர்களும் தெருவுக்கு வந்தார்கள். சிறைகள் நிரம்பின. கோஷங்களின் முக்கிய இலக்கு திவான், அதாவது தமிழ்நாட்டிலிருந்து போன ஆர்க்காடு ராமசாமி முதலியார். கடைசியில் அரண்மனை இறங்கி வந்தது. அக்டோபர் 25இல் கே.சி. ரெட்டி தலைமையில் மக்கள் மந்திரிசபை பதவியேற்றது.

ஆக, மைசூர்த் தெருக்களில் அரசருக்கு எதிராகக் குரல் எழுந்த அதே ஆண்டில், மைசூர்ப் பணத்தில் லண்டனில் பியானோ ஒலித்துக்கொண்டிருந்தது. மெட்னரோடு செலவு நிற்கவும் இல்லை. லெக் 1945இல் தொடங்கிய ஃபில்ஹார்மோனியா ஆர்கெஸ்ட்ராவைக் காலூன்ற வைக்க ஆண்டுக்கு 10,000 பவுன் வீதம் மூன்று ஆண்டுகளுக்குத் தர மகாராஜா ஒப்புக்கொண்டார். அன்றைய மாற்று விகிதத்தில் ஆண்டுக்கு சுமார் 1,33,000 ரூபாய். 1948இல் ஃபில்ஹார்மோனியா கன்சர்ட் சொசைட்டியின் முதல் தலைவரும் அவரே. பலாகிரெவும் ரூஸெலும் 1949இல் தட்டேறினார்கள். நடத்தியவர் ஹெர்பர்ட் வான் கராயன்.

யார் வீட்டுப் பணம் இது என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. அரண்மனைக் கஜானா வானத்திலிருந்து நிரம்பவில்லை. மண்டியாவின் கரும்பு விவசாயிக்கும் கோலாரின் சுரங்கத் தொழிலாளிக்கும் மெட்னர் யார் என்றே தெரியாது. தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமல்ல. மகாராஜாவின் தரப்பில் சொல்ல ஒன்று இருக்கிறது. ரோல்ஸ் ராய்ஸ்களிலும் வேட்டையிலும் குதிரைப் பந்தயத்திலும் பணத்தைக் கரைத்த சுதேச மன்னர்கள் விட்டுப்போனது அநேகமாக ஃபோட்டோக்கள் மட்டுமே. இவர் செலவழித்தது கேட்கக்கூடிய பொருளாக எஞ்சியது. இது மன்னிப்பாகாது, ஆனால் கணக்கில் வரவு வைக்க வேண்டிய ஒன்று.

எஞ்சியது என்று சொல்வதும் பின்னோக்கிப் பார்க்கும் வசதியில்தான். அன்றைக்கு எஞ்சும் என்று தோன்றவில்லை. மெட்னர் தட்டுகள் கடைக்கு வந்த வேளை மோசமான வேளை. 1948 ஜூனில் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் எல்.பி.யை அறிமுகப்படுத்தியது. ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஓடும் மெல்லிய, உடையாத தட்டு. பிரிட்டனில் 1950இல் டெக்கா அதைப் பின்பற்றியது. இ.எம்.ஐ. மட்டும் 78களைக் கட்டிக்கொண்டு 1952 வரை காத்திருந்தது. அதற்குள் அலமாரி நிறையக் கனமான தட்டுகளை வாங்குகிறவர்கள் இல்லாமல் போனார்கள். ஃபேஷன் இல்லாத இசை, காலாவதியான தட்டு, பெயர் தெரியாத கலைஞர். இந்த மூன்றையும் சேர்த்து விற்க எந்தக் கடைக்காரராலும் முடியாது.

1951 நவம்பர் 13இல் மெட்னர் லண்டனில் இறந்தார். ஹெண்டன் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். மைசூர் உதவியால் அவருக்கு நல்ல காலம் என்று கிடைத்தது கடைசி நான்கைந்து ஆண்டுகள்தான்.

கிட்டத்தட்ட தொலைந்தே போன இன்னொரு பதிவும் மைசூரோடு சேர்ந்தது. ஜெர்மன் மேதை ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1949இல் இறந்தபோது, ஆர்கெஸ்ட்ராவோடு பாடுவதற்கான நான்கு பாடல்களை அரங்கேறாமலே விட்டுப் போயிருந்தார். அவை 1950 மே 22இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் முதன்முதலாக ஒலித்தன. பாடியவர் நார்வே நாட்டு கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட், நடத்தியவர் வில்ஹெல்ம் ஃபூர்ட்வெங்லர், வாசித்தது ஃபில்ஹார்மோனியா. அதற்கு 4,800 டாலர் உத்தரவாதம் கொடுத்தவர் மைசூர் மகாராஜா. ஒரே நிபந்தனை: கச்சேரியைப் பதிவு செய்து மைசூருக்கு அனுப்ப வேண்டும். அவரால் லண்டன் போக முடியவில்லை. இன்று இசை உலகம் பொக்கிஷமாக நினைக்கும் அந்த அரங்கேற்றத்தின் ஒலி, தேய்ந்த தட்டுகளின் கரகரப்போடாவது நமக்குக் கேட்கிறதென்றால், கேட்க முடியாமல் போன ஒரு ரசிகர் போட்ட அந்த நிபந்தனைதான் காரணம்.

அதற்குப் பிறகு அரசரின் பாதையும் மாறியது. 1950இல் மைசூரின் ராஜப்பிரமுகர். 1956இல் மைசூர் மாநில ஆளுநர். 1964 முதல் 1966 வரை சென்னை மாநில ஆளுநர். இந்தி எதிர்ப்புப் போராட்டம் தமிழகத்தை உலுக்கிய 1965இல் கிண்டி ராஜ்பவனில் இருந்தவர் இவர்தான். மன்னர் மானியமாக ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய் மைசூருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 1971இல் மானியமே ரத்தானது. 1974 செப்டம்பர் 23இல் 55 வயதில் அவர் காலமானார்.

தமிழகத்துச் சபாக்களில் அவர் பெயர் இன்றும் ஒலிப்பது வேறொரு காரணத்துக்காக. 1940களின் நடுவில், மேற்கத்திய இசையில் மூழ்கியிருந்த அதே மனிதர், சமஸ்கிருதத்தில் கீர்த்தனைகள் எழுதத் தொடங்கினார். 'ஸ்ரீவித்யா' முத்திரையோடு மொத்தம் 94. பல, அபூர்வ ராகங்களில். அவருடைய அடாணா ராகப் பிள்ளையார் கீர்த்தனையைப் பாடாத வித்வான்கள் குறைவு. அதைக் கேட்டுத் தொடையில் தாளம் போடுகிறவர்களில் பலருக்கு, இதே ஆள்தான் மெட்னரைக் காப்பாற்றியவர் என்று சொன்னால் ஆச்சரியமாக இருக்கும்.

மெட்னர் மீண்டு வந்தது மெதுவாகத்தான். அன்னா மெட்னர் 1958இல் கணவரின் கையெழுத்துப் பிரதிகளோடு தாய்நாடு திரும்பினார். புரட்சியிலிருந்து ஓடிப் போனவரின் முழுப் படைப்புகளையும் 1959 முதல் 1963 வரை 12 தொகுதிகளாக அச்சிட்டது சோவியத் அரசு. மேற்கில் திருப்பம் வந்தது 1990களின் தொடக்கத்தில். ரஷ்யர் நிகோலாய் டெமிடென்கோவும் ஆஸ்திரேலியர் ஜெஃப்ரி டோஸரும் கன்சர்ட்டோக்களைப் புதிதாகப் பதிவு செய்து சி.டி.யில் கொண்டுவந்தார்கள். டோஸர் பிறந்தது முசூரி மலையில் என்பது இந்தக் கதைக்குப் பொருத்தமான தற்செயல். கனடாவின் மார்க்-ஆண்ட்ரே ஹாமலின் 14 சொனாட்டாக்களையும் வாசித்து வெளியிட்டார்.

புதிய ரசிகர்களுக்கு அடுத்து எழுந்தது இயல்பான கேள்வி: அவரே வாசித்தால் எப்படி இருக்கும்? அப்போதுதான் மைசூர்த் தட்டுகள் அலமாரியிலிருந்து இறங்கின. லண்டனில் தொடங்கப்பட்ட டெஸ்டமென்ட் என்ற சிறு நிறுவனம் 1990களில் அந்தப் பதிவுகளைச் சுத்தம் செய்து சி.டி.யாக்கியது. தனி பியானோ பதிவுகளை ஏ.பி.ஆர். என்ற இன்னொரு பிரிட்டிஷ் நிறுவனம் தொகுத்தது. நாலு நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து தட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்க வேண்டியிருந்த கன்சர்ட்டோ, இடைவெளி இல்லாமல் ஓடியது.

கேட்டால் முதலில் தெரிவது கரகரப்பு. கொஞ்ச நேரத்தில் காது அதை மறந்துவிடுகிறது. பிறகு தெரிவது, இந்த மனிதர் அவசரப்படவே இல்லை என்பது. வயதும் நோயும் விரலில் சில இடங்களில் தெரியத்தான் செய்கின்றன. ஆனால் எந்த வாக்கியம் எங்கே மூச்சு வாங்க வேண்டும், எந்த இடத்தில் இடது கை வலது கைக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் எழுதியவருக்குத் தெரிந்தது போல வேறு யாருக்கும் தெரியாது. வீணை தனம்மாளின் நாதம் எப்படி இருந்தது என்று நாம் அறிவது 1930களில் வந்த சில தட்டுகளால்தான். அவை இல்லாவிட்டால் வெறும் புகழுரைகள்தான் மிஞ்சியிருக்கும். மெட்னரும் அப்படியே. இசைப்பிரதிகள் எப்படியும் பிழைத்திருக்கும். கை பிழைத்தது மைசூரால்.

இன்னொரு வகையிலும் அந்தத் தட்டுகளில் இந்தியா இருக்கிறது. 78 தட்டைச் செய்யக் கல்பொடி, கரி, இவற்றைப் பிணைக்க அரக்கு. உலகத்துக்கு அரக்கு கொடுத்த முக்கிய இடம் சோட்டா நாக்பூர். பலாச மரத்திலும் இலந்தை மரத்திலும் ஒட்டிக்கொண்டு பூச்சிகள் சுரந்த பிசினை ஆதிவாசிகள் சுரண்டி எடுத்தார்கள். அவர்கள் கைபட்ட அரக்கு கப்பலேறி லண்டனில் ரஷ்யரின் இசையைத் தாங்கியது. பிறகு அதே தட்டு கப்பலேறி மைசூர் அரண்மனைக்குத் திரும்பியது. இந்த வட்டத்தில் யாருக்கு என்ன கிடைத்தது என்று கணக்குப் போட்டால், அரக்கு எடுத்தவருக்குக் கிடைத்ததுதான் மிகக் குறைவு.

மைசூர் தன் மகாராஜாவை மறந்துவிடவில்லை. ஹார்டிங் சர்க்கிளுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2019இல் நூற்றாண்டு விழா நடந்தது. ஆனால் இந்த ஊரில் பாரம்பரியம் என்றதும் பேச்சு கட்டடங்களுக்குத்தான் போகிறது. அதற்குக் காரணமும் உண்டு. தேவராஜ மார்க்கெட்டுக்கு அருகே 2012இல் லேன்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து உயிர்கள் போயின. 2016 ஆகஸ்டில் மார்க்கெட்டின் வடக்கு வாசலே சரிந்தது. இடிப்பதா, பழுது பார்ப்பதா என்று கோர்ட்டு வரை வழக்குகள் போயின. சுவர் இடிந்தால் சத்தம் கேட்கிறது. மறுநாள் பேப்பரில் படம் வருகிறது. ஓர் இசைத்தட்டு உலகிலிருந்து காணாமல் போகும்போது எந்தச் சத்தமும் கேட்பதில்லை. யாரோ ஒருவர் ஏற்கனவே கேட்டு ரசித்திருந்தால்தான் அது இல்லாமல் போனதே தெரியவரும்.

அந்த ஒருவராக இருக்க அரண்மனை தேவையில்லை என்பதை அல் கூப்பர் காட்டினார். தேவராஜ மொஹல்லாவில் ஒரு கைபேசியும் அரை மணி நேரமும் இருக்கிற எவரும் இன்று மெட்னரின் மூன்றாவது கன்சர்ட்டோவை மெட்னரின் கையாலேயே கேட்க முடியும். பைசா செலவு இல்லை. 1947இல் அதைக் கேட்க ஒரு சமஸ்தானத்தை ஆள வேண்டியிருந்தது. அடுத்த விஜயதசமியில் ஆங்கில பாண்டு சயாஜி ராவ் சாலையைக் கடந்து, கடைகள் மறுபடி திறந்து, பூக்காரர்கள் வாடிய சரங்களை ஒதுக்கிப் புதுப் பந்துகளைப் பிரிக்கும் நேரத்தில் யாராவது கேட்டுப் பார்க்கலாம். ஒரு விதத்தில் அது இந்த ஊரின் சொத்து. இந்த ஊர் மக்களைக் கேட்காமலேயே அவர்கள் பணத்தில் வாங்கியது.